பெட்டிக்குள் போக முதல்

“அக்கா, நீங்கள் சொன்னமாதிரித்தான் எல்லாம் செய்தனான். முப்பது முட்டை வைச்சு ஏழு குஞ்சுதான் வந்தது. மெசின் பிழை போல.”

இப்படி ஓர் அழைப்பு அடிக்கடி வரும். பேசுகிறவர் சாவகச்சேரியாக இருக்கலாம், சண்டிலிப்பாயாக இருக்கலாம். கதை ஒன்றுதான். வெளிநாட்டில் இருக்கிற தம்பி காசு அனுப்பியிருப்பார், இல்லாவிட்டால் சீட்டுக்காசு கையில் வந்திருக்கும். கொழும்பிலிருந்து பார்சலில் முட்டை பொரிக்கிற சீனப் பெட்டி ஒன்று இறங்கியிருக்கும். 21 நாள் பொறுத்தால் குஞ்சு என்று பெட்டியில் படம் போட்டிருக்கும்.

மெசினிலும் பிழை இருக்கலாம். மலிவான பெட்டிகள் வெப்பநிலையை ஒரு பாகை கூட்டியோ குறைத்தோ காட்டுவது வழமை. அவை காட்டுகிற ஈரப்பதத்தை நான் நம்புவதேயில்லை. ஆனாலும் நான் முதலில் கேட்பது பெட்டியைப் பற்றி அல்ல. முட்டை ஆருடைய வளவில் எடுத்தது? அங்கே பேடு எத்தனை, சேவல் எத்தனை? எத்தனை நாள் சேர்த்து வைத்தீர்கள், எங்கே வைத்தீர்கள்? கோழிக்கு என்ன தீன்? இந்தக் கேள்விகள் ஒருவருக்கும் பிடிப்பதில்லை. காசு கொடுத்தது பெட்டிக்கு, ஆகவே குற்றவாளியும் பெட்டியாகத்தான் இருக்கவேண்டும். அந்த முப்பதில் பாதிக்கு மேல் பெட்டிக்குள் போக முதலே முடிந்துபோன முட்டைகளாக இருக்கும் என்று சொன்னால், “சரி அக்கா, பிறகு எடுக்கிறன்” என்று வைத்துவிடுவார்கள்.

நாங்கள் யாழ்ப்பாணத்துக் கோப்பாயில் நடத்துவது பெரிய பொரிப்பகம் இல்லை. வீட்டின் பின்பத்தியை அடைத்து, சுவருக்கு வெள்ளையடித்து, இரண்டு அறையாகப் பிரித்திருக்கிறோம். ஒன்றில் முட்டை அடைகிடக்கிற மெசின், மற்றதில் கடைசி மூன்று நாளும் வைத்துக் குஞ்சு எடுக்கிற மெசின். முதலாவதை என் கணவர் ஒரு பழைய பிரிட்ஜின் உடம்பில் செய்தார். குளிரை வெளியே விடாத சுவர் சூட்டையும் விடாது. கொம்பியூட்டர் காற்றாடி, வெப்பம் கட்டுப்படுத்துகிற ஒரு சின்னச் சாதனம், தட்டுகளைச் சரிக்கிற மோட்டர், அவ்வளவுதான். முதலில் குண்டு பல்ப்தான் சூட்டுக்கு. இப்போது கடைகளில் அது கிடைப்பதே அரிது, எல்லாம் எல்ஈடி. அதனால் சூட்டுக் கம்பிக்கு மாறிவிட்டோம்.

முட்டைகளில் சிறுபங்குதான் எங்கள் கோழியுடையது. மிச்சம் அயல்வீடுகளிலிருந்து பங்குக்கு வருபவை. முட்டை அவர்களுடையது, கரண்டும் காவலும் எங்களுடையது, வருகிற குஞ்சு பாதிக்குப் பாதி. பனையோலைப் பெட்டிக்குள் உமி போட்டுப் புதைத்துக் கொண்டுவருவார்கள். ஒவ்வொரு முட்டையிலும் வீட்டுக்கு ஓர் எழுத்தும் இட்ட திகதியும் பென்சிலால் எழுதியிருக்கவேண்டும். பேனை கூடாது. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள் இருக்கின்றன, மை உள்ளே இறங்கும்.

இந்தப் பென்சில் எழுத்து ஒழுங்கையில் கொஞ்சம் மனஸ்தாபத்தையும் கொண்டுவந்தது. ஏழாம் நாள் இருட்டறையில் ரோச் வெளிச்சத்தில் முட்டையைப் பிடித்துப் பார்த்தால், உயிர் பிடித்த முட்டையில் ஒரு கறுத்தப் புள்ளியும் அதிலிருந்து நாலாபக்கமும் ஓடுகிற சிவப்பு நரம்புகளும் தெரியும். பிடிக்காதது வெறும் மஞ்சள் வெளிச்சம். ஒரே மெசின், ஒரே தட்டு, ஒரே சூடு. ‘க’ வீட்டு முட்டை பத்தில் ஒன்பது பிடித்திருக்கும், ‘ம’ வீட்டு முட்டை பத்தில் நாலு. இதை ‘ம’ வீட்டு அக்காவிடம் எப்படிச் சொல்வது?

“எங்கட சாவலோ? அது இந்த ஒழுங்கையையே ஆட்டிவைக்குது. அதில என்ன குறை?”

குறை சேவலில் இல்லாமலும் இருக்கலாம். பத்துப் பேட்டுக்கு ஒரு சேவல் என்பது கணக்கு. இருபத்தைந்து பேட்டுக்கு நடுவில் ஒரே ஒரு சேவல் எவ்வளவு துள்ளினாலும் எல்லாவற்றையும் எட்டாது. அதற்குப் பிடித்த ஐந்தாறு பேட்டின் பின்னால்தான் திரியும். வைகாசி வெயிலில் சேவலின் வீரியமும் குறையும். வயதான சேவலின் கொண்டையையும் வாலையும் பார்த்து மயங்குவது மனிதர்கள் மட்டும்தான். அந்த அக்கா இன்னொரு சேவலை விட்டா. ஆனால் பழையதைக் கறியாக்க மாட்டேன் என்று நிற்கிறா. அது அவவின் பாடு.

இந்த இடத்தில் ஒன்று சொல்லிவிடவேண்டும். கடையில் தட்டாக விற்கிற பண்ணை முட்டையை மெசினுக்குள் வைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்தக் கோழி தன் வாழ்நாளில் சேவலைக் கண்டதேயில்லை. 21 நாள் இல்லை, ஒரு வருடம் வைத்தாலும் குஞ்சு வராது. மணம்தான் வரும்.

மற்ற விஷயம் தீன். இதை நான் படித்தது புத்தகத்தில் இல்லை, பொரிக்காத முட்டைகளை உடைத்துப் பார்த்ததில். அதைப் பிறகு சொல்கிறேன். வளவில் அவிழ்த்துவிட்ட ஊர்க்கோழி கரையான் கிண்டும், முருங்கையிலை கொத்தும், எருக்கும்பியில் புழுப் பொறுக்கும். கூட்டில் அடைத்த கோழிக்கு மூட்டையில் வருகிற முட்டைக்கோழித் தீன் மட்டும்தான். அந்தத் தீன் முட்டை இடுவதற்குப் போதும், சாப்பிடுகிறவனுக்கும் அந்த முட்டை போதும். முட்டைக்குள் ஓர் உயிர் மூன்று கிழமை வளர்வதற்கு அது சிலவேளை போதாது. உயிர்ச்சத்து பீ2 குறைந்தால் கரு நடுவழியில், இரண்டாம் கிழமையில், நின்றுவிடும். உடைத்துப் பார்த்தால் தூவி விரியாமல் முடிச்சு முடிச்சாகச் சுருண்டு கிடக்கும். பெரிய பண்ணைகளில் தாய்க்கோழிக்கென்றே வேறு தீன் போடுவது இதனால்தான். எங்களுக்கு அந்தத் தீன் மூட்டை கட்டுப்படியாகாது. கூட்டுக்கோழிக்கு முருங்கையிலையும் அகத்தியும் கட்டித் தொங்கவிடுங்கள், பின்னேரம் ஒரு மணித்தியாலமாவது வளவில் விடுங்கள் என்று சொல்லுவேன். சொன்னதைச் செய்த வீடுகளின் எழுத்துள்ள முட்டைகள் இப்போது கூடப் பொரிக்கின்றன.

இனி, யாழ்ப்பாணத்தில் முட்டை கெடுகிற முதல் காரணம். சூடு.

முட்டை இடப்படும்போதே கருவுக்கு ஏறக்குறைய ஒரு நாள் வயது. கோழியின் வயிற்றுக்குள் இருக்கும்போதே அது வளரத் தொடங்கிவிட்டது. வெளியே வந்து ஆறியதும் வளர்ச்சி நின்று உறங்கும். பிறகு பேடு ஏறி உட்கார்ந்து சூடு கொடுத்தால் எழும்பும். பத்து நாளாக ஒவ்வொன்றாக இட்ட முட்டைகள் எல்லாம் ஒரே நாளில் பொரிப்பதன் சூட்சுமம் அதுதான். ஆனால் கரு முழுதாக உறங்குவதற்கு 20, 21 பாகைக்குக் கீழே போகவேண்டும். சேமித்து வைக்கச் சிறந்தது 15 தொடக்கம் 18 பாகை வரை. சித்திரை மாதம் எங்கள் குசினித் தட்டில் இரவிலும் 28 பாகை நிற்கும். அங்கே வைத்த முட்டையில் கரு உறங்கவும் இல்லை, ஒழுங்காக வளரவும் இல்லை. அரைகுறையாக ஊர்ந்து களைத்துப்போகிறது. பிறகு மெசினுக்குள் வைத்தால் இரண்டாம் மூன்றாம் நாளில் செத்துவிடும். ரோச் அடித்துப் பார்க்கும்போது ஒரு சிவப்பு வளையம் மட்டும் தெரியும். அந்த வளையத்தைக் கண்டதும் ஆட்கள் மெசின் சூடு கூடிவிட்டது என்கிறார்கள். முட்டை ஒரு கிழமை சீற்றுக் கூரைக்குக் கீழே இருந்ததை ஒருவரும் சொல்ல மாட்டார்கள்.

குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்தால் என்ன என்று கேட்பார்கள். அது மறுகரை. 4 பாகைக் குளிரில் நாள்கணக்கில் கிடந்த கரு பெரும்பாலும் எழும்புவதில்லை. எங்கள் பெரியம்மா ஈர மணலில் மண்பானையை இறுக்கி வைத்து, அதற்குள் முட்டையைக் கூர்ப்பக்கம் கீழே இருக்கும்படி அடுக்கி, மேலே ஈரச்சாக்கு மூடுவா. நல்ல வேலைதான், நாங்களும் செய்கிறோம். ஆனால் எங்கள் காற்றில் ஏற்கனவே ஈரம் இருப்பதால் பானை இரண்டு மூன்று பாகைக்கு மேல் குளிர்வதில்லை. ஆகவே பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும் எங்கள் சட்டம் ஒன்று: நாலு நாளுக்கு மேற்பட்ட முட்டை எடுக்கமாட்டோம். மார்கழி, தையில் ஏழு நாள் வரை சரி. திகதி எழுதச் சொல்வது இதற்குத்தான். திகதியை அழித்து எழுதிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு, பென்சில்தானே.

அழுக்கு முட்டையைக் கழுவிக் கொண்டுவருவது இன்னொரு தலையிடி. துப்புரவாக இருக்கவேண்டும் என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் வெயிலில் சூடேறிய முட்டையைக் கிணற்றுத் தண்ணீரில் அமிழ்த்தினால் உள்ளே இருப்பது சுருங்கும், சுருங்கும்போது துளைகளால் தண்ணீரையும் அதிலுள்ள கிருமியையும் உறிஞ்சும். ஓட்டின் மேலிருந்த காப்புப் படையும் போய்விடும். அப்படி ஒரு முட்டை பதினைந்தாம் நாளளவில் மெசினுக்குள் வெடித்தால், பின்பத்தியில் இரண்டு நாளுக்கு ஒருவரும் சாப்பிட முடியாது. பக்கத்து முட்டைகளும் நாசம். ஆகவே கொஞ்சம் அழுக்கென்றால் காய்ந்த துணியால் துடைக்கிறோம், கூட அழுக்கென்றால் திருப்பிக் கொடுத்துப் பொரிக்கச் சொல்கிறோம், சட்டியில்.

மெசினுக்குள் போன பிறகு உள்ள வேலையைப் பற்றி எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள். காற்றாடி உள்ள பெட்டிக்கு 37.5 பாகை, நாளுக்கு மூன்று தடவைக்குக் குறையாமல் திருப்புதல், பதினெட்டாம் நாளில் திருப்புவதை நிறுத்துதல். திருப்பாவிட்டால் மேலே மிதக்கிற கரு சவ்வில் ஒட்டிக்கொள்ளும். பேடு இதை அலகால் செய்கிறது, ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல். எகிப்தில் மண்ணால் கட்டிய சூளை மாதிரியான அறைகளில் பழங்காலம் தொட்டே ஆயிரக்கணக்கில் முட்டை பொரித்திருக்கிறார்கள். வெப்பமானி இல்லை, முட்டையை எடுத்துக் கண்ணிமையில் வைத்துப் பார்த்தே சூடு பிடிபட்டுவிடுமாம் அந்த வேலைக்காரருக்கு. எனக்கு அந்தக் கண்ணிமை இல்லை. காய்ச்சல் பார்க்கிற வெப்பமானியை உள்ளே வைத்து, மெசின் காட்டுவதோடு ஒப்பிட்டுக்கொள்கிறேன்.

நான் கொஞ்சம் நின்று சொல்ல விரும்புவது ஈரத்தைப் பற்றி. குளிர்நாட்டுக்காரர் எழுதியதை அப்படியே எடுத்து வைத்து இங்கே அதிகம் கெடுவது இதில்தான்.

முட்டை சூட்டை வாங்கினால் போதும் என்று நினைக்கிறோம். அது தண்ணீரையும் இழக்கவேண்டும். பதினெட்டு நாளில் தன் நிறையில் 12, 13 வீதம் ஆவியாக வெளியே போகவேண்டும். போன இடத்தில்தான், முட்டையின் பருத்த பக்கத்தில், காற்றறை பெரிதாகிறது. குஞ்சு ஓட்டை உடைக்க முதல் அந்தக் காற்றறைக்குள்தான் அலகை நுழைத்து முதல் மூச்சை எடுக்கும். தண்ணீர் போதாமல் இழந்த முட்டையில் காற்றறை சிறிது, குஞ்சு ஊதிப்போய் இருக்கும், திரும்ப இடமில்லாமல் உள்ளேயே முட்டிச் சாகும். கூட இழந்தால் சவ்வு காய்ந்து தோல்போலாகிக் குஞ்சை ஒட்டிப் பிடித்துவிடும்.

பெட்டியோடு வருகிற தாளில் முதல் நாளே தண்ணீர்த் தட்டை நிரப்பு என்று இருக்கும். குளிர்நாட்டில் அது சரி. அங்கே வெளிக்காற்றைச் சூடாக்கினால் அது வறண்டுவிடும். இங்கே என்ன? 30 பாகையில் 75 வீத ஈரப்பதம் உள்ள காற்று எங்கள் முற்றத்தில் சாதாரணம். அதை மெசினுக்குள் 37.5 பாகைக்குச் சூடாக்கினால், ஒரு சொட்டுத் தண்ணீர் வைக்காமலே ஈரப்பதம் 50 வீதத்தை ஒட்டி நிற்கும். முதல் பதினெட்டு நாளுக்குத் தேவையானதும் அதுதான். அதற்கு மேல் தட்டையும் நிரப்பினால் முட்டைக்குத் தண்ணீரை விட வழியில்லை.

மாரியில் நிலைமை தலைகீழ் என்று நினைப்போம். மழை கொட்டுகிறது, சுவரெல்லாம் ஊறுகிறது, தண்ணீர் வைப்பானேன்? ஆனால் மார்கழி இரவில் 24 பாகையில் 90 வீத ஈரம் என்று சொல்கிற காற்றில் உண்மையில் இருக்கிற நீர், சித்திரைக் காற்றில் இருப்பதைவிடக் குறைவு. அதே 37.5இற்குச் சூடாக்கினால் 42 வீதத்துக்கு இறங்கிவிடும். ஆகவே நாங்கள் சித்திரையில் தட்டைக் காய விட்டு, மார்கழியில் சிறு தட்டுத் தண்ணீர் வைக்கிறோம். இதைச் சொன்னால் இவரே முதலில் சிரித்தார். பிறகு தராசை வைத்துப் பார்த்தோம். ஊர்க்கோழி முட்டை முப்பது ஏறக்குறைய 1,350 கிராம் வரும். பதினெட்டாம் நாள் அதே முப்பதும் 1,190 கிராம் அளவில் நிற்கவேண்டும், அதாவது நாளுக்கு 9 கிராம் இறக்கம். மூன்று நாளுக்கு ஒருதரம் தட்டை அப்படியே தூக்கிக் குசினித் தராசில் வைத்தால் பொய் சொல்லாது. குறைவாக இறங்குகிறதா, தட்டைக் காயவிடு. கூட இறங்குகிறதா, தண்ணீர் வை. இடையில் வெறும் முட்டைகளைக் கழித்தால் நிறைக் கணக்கிலும் கழிக்கவேண்டும், அதை மறக்கக்கூடாது.

ஈரமானியைச் சோதிக்க ஒரு சின்ன வழியும் இருக்கிறது. ஒரு போத்தல் மூடியில் சாப்பாட்டு உப்பைப் போட்டு, சேறுபோல் நனையத் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து மூடி இறுக்கிய போத்தலுக்குள் ஒரு நாள் வைத்தால் அது 75 வீதம் காட்டவேண்டும். எங்களிடம் உள்ள ஒன்று 83 காட்டுகிறது. எறியவில்லை, எட்டைக் கழித்து வாசிக்கிறோம்.

கரண்ட் கதையைச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் பொரிப்பகக் கதை முடியாது. 1990இல் சண்டை திரும்பத் தொடங்கியபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. ஜாம் போத்தலில் பஞ்சு போட்டுச் சொட்டு மண்ணெண்ணெயில் படித்த ஆட்கள் நாங்கள். அந்தக் காலத்தில் பொரிப்பகம் என்றால் பெரியம்மாவின் அடைக்கோழிதான். கடகத்தில் மணலும் மேலே வைக்கலும் போட்டு, ஒற்றைப்படையாகப் பதினொன்றோ பதின்மூன்றோ முட்டை வைப்பா. இடிக்கு முட்டை கூழாகிவிடும் என்று ஓர் இரும்புத் துண்டும் கரித்துண்டும் போடுவா. பேன் பிடிக்காமலிருக்க வேப்பிலை, சாம்பல். இரும்பு என்ன செய்ததோ தெரியாது, மணல் நன்றாகவே செய்தது. ஈரத்தையும் சூட்டையும் பிடித்து வைத்தது. அடை வேண்டாத நேரத்தில் அடைகிடக்கிற கோழியை வாளித் தண்ணீரில் முக்கியெடுத்துத் தெளிய வைப்பதையும் அவ செய்வா, எங்களுக்குப் பாவமாக இருக்கும். இந்த மெசினை முதன்முதலாகப் பார்க்க வந்தபோது சுற்றிவரப் பார்த்துவிட்டுக் கேட்டா: “ஏன் மோனை, இதுக்கு அடை தெளியிறதே இல்லையோ?”

2022 பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் நின்றபோது, தெளிய வைத்துவிட்டார்கள். அப்போது தொலைபேசியில் எல்லாரும் கேட்டது ஒன்று, முட்டையைப் போர்வையால் மூடுவதா என்று. அது முட்டையின் வயதைப் பொறுத்தது. முதல் பத்து நாளுக்குள் இருக்கிற முட்டை தானாகச் சூடு உண்டாக்காது. ஆனால் ஆறுதலை ஓரளவு தாங்கும், பேடும் தீன் தின்ன எழும்பிப் போகிறதுதானே. கதவைத் திறக்காமல், மேலே சாக்குப் போட்டு மூடினால் இரண்டு மூன்று மணித்தியாலம் பெரிய சேதமில்லை. எங்கள் சூட்டில் அறையே 30 பாகை. பொரிக்கக் கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். பதினைந்தாம் நாளுக்கு மேற்பட்ட முட்டை வேறு. அதற்குள் இருக்கிற குஞ்சு தானே சூடு விடுகிறது, மூச்சும் வாங்குகிறது. நிறைந்த மெசினில் காற்றாடி நின்றால் மேல்தட்டு கொதிக்கத் தொடங்கும். அதை மூடக்கூடாது, கதவைத் திறக்கவேண்டும். குளிர் பிந்தவைக்கும், 40 பாகைக்கு மேலே போகிற சூடு கொன்றுவிடும். போர்வையால் மூடிக் கொன்ற முட்டைகள் அந்த மாதம் எத்தனையோ.

எங்களிடம் பழைய வாகன பற்றரி ஒன்றும் இன்வேற்றரும் இருந்தன. காற்றாடியை மட்டும் அதில் ஓட்டினோம், சூட்டை விட்டுவிட்டோம். அதே நேரத்தில் அடைக்கோழிகளையும் தேடிப் பிடித்தோம். அந்த வருடம் ஊர்க்கோழிக் குஞ்சுக்குக் கிராக்கி ஏறியது நாடு முழுவதற்கும் தெரிந்த காரணத்தால்: டொலர் இல்லை, சோளம் இல்லை, தீன் விலை மேலே, பெரிய பண்ணைகளுக்குத் தாய்க்கோழி இறக்க வழியில்லை. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டையே கப்பலில் வந்தது. வளவில் கிண்டித் தின்கிற கோழியின் அருமை அப்போது பலருக்குத் தெரிந்தது.

அடைக்கோழியையும் மெசினையும் சேர்த்து ஓட்டுவதை அன்று தொட்டு நாங்கள் விடவில்லை. மெசினில் முட்டை வைக்கிற அன்றே இரண்டு பேட்டுக்கும் அடை வைத்துவிடுவோம். 21ஆம் நாள் இரவு, இருட்டில், மெசின் குஞ்சுகளில் கொஞ்சத்தைக் கொண்டுபோய் அவற்றின் செட்டைக்குக் கீழே நுழைத்துவிட்டால் காலையில் எல்லாம் தன்னுடையது என்று கொக்கரித்துக்கொண்டு கூட்டிப்போகும். பகலில் விட்டால் கொத்திவிடும். அந்தக் குஞ்சுகளுக்குச் சூடு காட்ட மின்குமிழ் வேண்டாம், பிராந்துக்கும் காகத்துக்கும் காவலும் அதுவே. மெசினில் எஞ்சுகிறவைக்குத்தான் முதல் கிழமை 32, 33 பாகையில் சூடு வைத்து, கிழமைக்கு மூன்று பாகையாகக் குறைத்துக்கொண்டு வரவேண்டும்.

கடைசி மூன்று நாளில் தண்ணீர்த் தட்டு நிறைய இருக்கவேண்டும், 65, 70 வீதம். அப்போது கதவைத் திறக்கிற கை ஆருடையதாக இருந்தாலும் எனக்குக் கோபம் வரும். ஓட்டில் முதல் வெடிப்பு விழுந்து குஞ்சு வெளியே வர அரை நாளும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம். பாடசாலை விட்டு வருகிற பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நின்று, “அன்ரி, அது கஷ்டப்படுது, உடைச்சு விடுவமோ?” என்று கேட்பார்கள். அந்த நேரத்தில் குஞ்சு சும்மா படுத்திருக்கவில்லை. மிச்ச மஞ்சட்கருவை வயிற்றுக்குள் இழுக்கிறது, சவ்வில் ஓடுகிற இரத்தத்தையும் இழுத்துக்கொள்கிறது. அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் இரத்தம் சொட்டும். அந்த மஞ்சட்கரு வயிற்றுக்குள் இருப்பதால்தான் வந்த குஞ்சு இரண்டு நாள் தீனில்லாமல் தாங்குகிறது. பெட்டியில் போட்டு கிளிநொச்சிக்கோ வவுனியாவுக்கோ பஸ்ஸில் அனுப்ப முடிவதும் அதனால்தான்.

22ஆம் நாள் குஞ்சுகளை எடுத்தபின் செய்கிற வேலையை ஒருவரும் விரும்பமாட்டார்கள். பொரிக்காத முட்டைகளைக் கிணற்றடிக்குப் பின்னால் கொண்டுபோய் ஒவ்வொன்றாக உடைத்துப் பார்ப்பது. மூக்கில் துணி கட்டிக்கொண்டு, ஒரு கொப்பியோடு குந்துவேன். பருத்த பக்கத்து ஓட்டைக் கரண்டியால் தட்டி எடுத்தால் காற்றறை. எவ்வளவு பெரிது? சவ்வை நீக்கினால் குஞ்சு. அலகு காற்றறைக்குள் வந்திருக்கிறதா, வராமல் நிற்கிறதா? வந்து நின்றிருந்தால் காற்று போதவில்லை அல்லது கடைசியில் சூடு கூடியிருக்கிறது. தலை கூர்ப்பக்கத்தில் இருந்தால் ஆரோ முட்டையைத் தலைகீழாக அடுக்கியிருக்கிறார்கள். உடம்பு நீர் கோத்து வழுவழுவென்று இருந்தால் ஈரம் கூடிவிட்டது. தூவி சுருண்டிருந்தால் தீன். இரத்த வளையம் என்றால் சேமித்து வைத்த இடம். பென்சில் எழுத்தைப் பார்த்து எழுதிக்கொள்கிறேன். கொப்பியில் மெசினின் கணக்கில் விழுகிற பக்கம் வரவரச் சிறுத்துக்கொண்டு வருகிறது. எழுத்துகளின் கணக்குத்தான் நீளம். மெசின் விற்கிற ஒருவரும் இந்தக் கொப்பியைப் பற்றிச் சொல்வதில்லை. விளங்கக்கூடியதுதான்.

மிச்சம் துப்புரவு. இரண்டு அறை என்று சொன்னேனே, அதன் காரணம் குஞ்சின் தூவிப் பஞ்சு. குஞ்சு காயும்போது பறக்கிற அந்தப் பஞ்சில் ஏறிக் கிருமி எங்கும் போகும். முட்டை ஒரு வாசலால் வரவேண்டும், குஞ்சு மற்ற வாசலால் போகவேண்டும், குஞ்சறைக்குப் போட்ட செருப்போடு முட்டையறைக்கு வரக்கூடாது. ஒவ்வொரு தொகுதிக்குப் பின்னும் தட்டெல்லாம் கழுவி வெயிலில் காயப்போடுகிறோம். நல்லவேளை, வெயில் மட்டும் எங்களுக்குத் தட்டுப்பாடில்லை. கிருமியைக் கொல்லப் போமலின் என்ற இரசாயனத்தால் புகை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வெறும் மெசினுக்கு, ஆள் வெளியே நின்று, தெரிந்தவர் செய்தால் சரி. முட்டை வைத்து இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரைக்குள் போட்டால் கரு செத்துவிடும், மனிதருக்கும் அது நல்ல புகையில்லை.

தடுப்பூசியைப் பற்றி வாங்குகிறவர்களிடம் கட்டாயம் சொல்கிறோம். வெள்ளைக் கழிச்சல் கழிந்து, கழுத்தை முறுக்கிக்கொண்டு ஒரே கிழமையில் கூட்டையே வெறுமையாக்குகிற இராணிக்கெட் நோய்க்கு மருந்து இல்லை, தடுப்பு மட்டும்தான். அந்தத் தடுப்பு மருந்தை பேராதனைக்கு அருகே கன்னொருவையில் உள்ள மிருக வைத்திய ஆராய்ச்சி நிறுவகம் இங்கேயே தயாரிக்கிறது. முதல் கிழமையில் கண்ணில் ஒரு சொட்டு, பிறகு வைத்தியர் சொல்கிற இடைவெளியில் திரும்ப. ஆனால் நாலு குஞ்சு வாங்குகிறவர் மிருக வைத்தியசாலைக்குப் போகமாட்டார். நூறு குஞ்சுக்கென்று வருகிற குப்பியை நாலுக்கு உடைப்பது அவருக்கு வீண். அதனால் ஒழுங்கையில் எல்லார் குஞ்சையும் ஒரே நாளில் எங்கள் முற்றத்துக்குக் கொண்டுவரச் சொல்கிறோம். கடகம், கூடை, காட்போட் பெட்டி என்று வந்து சேரும். ஒரு குப்பி முழுதாகத் தீரும்.

எல்லாம் முடிந்து குஞ்சு விற்கிற அன்று வருகிற தலையிடி பேடும் சேவலும். ஒருநாள் வயதில் கழிவாயைப் பார்த்துப் பிரிக்கிற கலையை யப்பானியர் கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள், பெரிய பொரிப்பகங்களில் அதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். எங்கள் ஊர்க்கலப்புக் குஞ்சில் எனக்கு அது பிடிபடாது. பிடிபடும் என்று சொல்லி விற்கிறவரை நான் நம்பவும் மாட்டேன். தூக்கிப் பிடித்தால் காலை உதறுவது சேவல், சும்மா தொங்குவது பேடு என்பதெல்லாம் சந்தைக் கதை.

“தங்கச்சி, எனக்குப் பத்தும் பேடாத் தாங்கோ” என்று போன கிழமை உரும்பிராயிலிருந்து ஓர் அம்மா வந்தா.

“அம்மா, பாதி பேடு பாதி சேவல்தான் வரும். பேடு மட்டும் வேணுமெண்டால் மூண்டு மாசம் கழிச்சு வாங்கோ, அப்ப பிரிச்சுத் தரலாம். விலையும் அப்ப வேறை.”

“அப்ப அந்த மூண்டு மாசமும் ஆர் தீன் போடுறது?”

“நாங்கள்தான்.”

அவ விலையை ஒருதரம் கேட்டா, இரண்டு விலையையும் மனதுக்குள் கழித்துப் பார்த்தா. பிறகு பத்தையும் எடுத்துக் கூடைக்குள் விட்டுக்கொண்டு, சேவல் கூட வந்தால் திருப்பிக் கொண்டுவருவன் என்று சொல்லிவிட்டுப் போனா.